தெருவுக்கு அழகு, கடைக்கு வாடகை

வாசகர் கேள்வி – பதில்

வேலூர் கடைவீதியைக் கலைவீதி ஆக்க விரும்புகிறவர்கள் முதலில் அங்குள்ள கடைக்காரரின் வாடகை நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஒத்தும் வெட்டியும் இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: என் மகள் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் படிக்கிறாள். அங்கே ‘டெம்பிள் பார்’ என்று ஒரு பகுதி இருக்கிறதாம். கல் பாவிய சந்துகள், ஓவியக் கூடங்கள், தெருவில் பாட்டு என்று படம் படமாக அனுப்புகிறாள். அதைக் ‘கல்ச்சுரல் குவார்ட்டர்’ என்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன பெயர்? நம் லாங்கு பஜாரை அப்படி மாற்ற முடியாதா? – வாசகர், சைதாப்பேட்டை, வேலூர்

பதில்: ‘பண்பாட்டு வட்டாரம்’ என்று எழுதுகிறார்கள். எனக்குக் ‘கலைப்பேட்டை’ என்பது பிடித்திருக்கிறது. நீங்கள் இருப்பதே ஒரு பேட்டையில்தான் என்பதால் உங்களுக்கும் பிடிக்கலாம். ஒரே வகைத் தொழில் செய்கிறவர்கள் அடுத்தடுத்து இருந்து, ஒருவர் தேவையை மற்றவர் நிறைவேற்றி, அதனாலேயே வெளியாரும் தேடி வருகிற இடம் பேட்டை. ஓவியமும் இசையும் நாடகமும் அச்சும் அவ்வாறு ஓரிடத்தில் கூடினால் அது கலைப்பேட்டை.

டெம்பிள் பார் உண்டான கதை வேலூர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் அது ஒரு பேருந்து நிலையத்தில் தொடங்குகிறது. 1980-களில் அயர்லாந்தின் அரசுப் போக்குவரத்து நிறுவனம் அங்கே பெரிய பேருந்து நிலையம் கட்டுவதற்காகப் பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கியது. இடிக்கும் நாள் வரும்வரை அவற்றைச் சும்மா போட்டுவைப்பானேன் என்று குறுகிய கால ஒப்பந்தத்தில் மலிவான வாடகைக்கு விட்டது. எப்படியும் இடியப் போகிற கட்டடத்துக்கு அதிக வாடகை கொடுக்க யாரும் வரமாட்டார்கள் அல்லவா? எனவே ஓவியர்களும் இசைக்குழுவினரும் பழந்துணிக் கடைக்காரர்களும் சிறிய உணவகக்காரர்களும் வந்து குடியேறினார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சந்துகள் நகரத்திலேயே கலகலப்பான இடமாகிவிட்டன. பேருந்து நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. டப்ளின் ஐரோப்பியப் பண்பாட்டு நகரமாக இருந்த 1991-இல் அரசு தனியே ஒரு நிறுவனத்தை அமைத்து, சதுக்கங்களையும் கலை நிலையங்களையும் கட்டிப் பகுதியைச் சீர்ப்படுத்தியது.

அதன்பிறகு நடந்ததை உங்கள் மகளிடம் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அங்கே யார் கூட்டம் என்று அவர் சொல்வார். பெயரிலுள்ள ‘பார்’ ஆதியில் மதுக்கடையைக் குறித்ததன்று. இப்போது அதைத்தான் குறிக்கிறது என்று சொல்லும் அளவுக்குக் குடிவிடுதிகள் பெருகிவிட்டன. மலிவு வாடகைக்கு வந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். தங்கியவை எவை என்று பார்த்தால், கட்டடத்தின் மீதே உரிமையோ உறுதியான நெடுங்காலக் குத்தகையோ பெற்றிருந்த அமைப்புகள். பழைய தொழுகைக் கூடம் ஒன்றில் 1992-இல் தொடங்கிய திரைப்பட மையம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

ஆகவே, லாங்கு பஜாரில் கல் பாவுவது கடினமான வேலை இல்லை. பாவிய கல்லின் மேல் பத்து ஆண்டுகள் கழித்து யார் கடை நடத்துவார் என்பதே கேள்வி.

கேள்வி: மண்டித் தெருவை ஊருக்கு வெளியே கொண்டுபோனால்தான் வேலூரின் மையப்பகுதி மூச்சுவிடும் என்பது என் கருத்து. லாரிகளும் தள்ளுவண்டிகளும் அழுகிய காய்களும் இருக்கும்வரை எந்த அழகுபடுத்தலும் நிலைக்காது. பெரிய நகரங்கள் எல்லாம் இப்படித்தானே செய்தன? – வாசகர், விருதம்பட்டு

பதில்: செய்தன. செய்தபின் எல்லா நகரங்களுக்கும் ஒரே பலன் கிடைக்கவில்லை என்பதால் இதற்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இலண்டன் நடுவே கோவென்ட் கார்டன் என்ற காய்கனி, பூச் சந்தை முந்நூறு ஆண்டுகளாக நடந்துவந்தது. உங்கள் குறை அத்தனையும் அங்கேயும் உண்டு: விடியற்காலை லாரி, தெருவடைப்பு, குப்பை. 1974-இல் அதைத் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே நைன் எல்ம்ஸ் என்ற இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன்பே, காலியாகப் போகிற பகுதியின் பெரும்பாகத்தை இடித்து அகலச் சாலைகளும் விடுதிகளும் மாநாட்டு அரங்கமும் கட்ட மாநகர நிர்வாகம் திட்டம் தீட்டியிருந்தது. சுற்றியிருந்த குடியிருப்புவாசிகள் 1971-இல் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1973-இல் அரசு ஏறத்தாழ 250 கட்டடங்களைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்கவே, இடிக்கும் திட்டம் அத்துடன் படுத்தது. நடுவிலிருந்த சந்தைக் கட்டடம் 1980-இல் சிறு கடைகளும் உணவகங்களுமாகத் திறக்கப்பட்டது. இன்று தெருக்கலைஞர்கள் வித்தை காட்டும் இடமென்று சுற்றுலாக்காரர்கள் படமெடுப்பது அதைத்தான்.

அதே காலத்தில் பாரிசும் ‘லே ஆல்’ என்ற தன் மையச் சந்தையை 1969-இல் புறநகரான ருஞ்சீஸுக்கு மாற்றியது. அங்கே இரும்பும் கண்ணாடியுமாக நின்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கூடங்களை 1971 முதல் இடித்தார்கள். நகரின் நட்டநடுவே பல ஆண்டுகள் பெரும் பள்ளம் ஒன்றுதான் இருந்தது. பாரிஸ்காரர்கள் அதை ‘லே ஆல் குழி’ என்றே அழைத்தார்கள். 1979-இல் பள்ளத்துக்குள் ஒரு வணிக வளாகம் எழுந்தது. பின்னர் அதையும் பிரித்துத் திருத்திக் கட்ட வேண்டியதாயிற்று.

நம் பக்கத்துச் சான்று சென்னையின் கொத்தவால் சாவடி. 1996-இல் மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. போக்குவரத்து நெரிசலுக்கு அது தேவையான நடவடிக்கை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சந்தை போனபின் அந்த இடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதில், போவது எங்கே என்பதில் காட்டிய அக்கறையில் பாதிகூட யாரும் காட்டவில்லை.

இனி நம் மண்டித் தெருவுக்கு வருவோம். விடியுமுன் நாலரை மணிக்கு நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். லாரியின் பின்பலகை இறங்குகிறது; மேலே நிற்பவர் கொக்கியால் வெங்காய மூட்டையின் காதைக் கவ்வி இழுத்துக் கீழே நிற்பவரின் தோளுக்குச் சாய்க்கிறார்; அவர் தலையில் சும்மாடு, தோளில் ஈரத்துண்டு; கணக்கெழுதுபவர் மூட்டைக்கு ஒரு கோடாக இழுத்து, ஐந்தாவதைக் குறுக்கே போடுகிறார். பக்கத்திலேயே தேநீர்க்கடை, கோணி தைப்பவர், தராசு பழுதுபார்ப்பவர், தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாற்றுபவர். நேதாஜி மார்க்கெட்டில் காலை எட்டு மணிக்குக் கூறு கட்டி விற்கும் அம்மாவின் முதலீடு இந்த இருட்டில்தான் கைமாறுகிறது. மண்டியை எட்டுக் கிலோமீட்டர் தள்ளி வைத்தால் மண்டிக்காரர் லாரியோடு போய்விடுவார். கூறு கட்டும் அம்மா ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அவரது அன்றைய இலாபத்திலிருந்து போகும்.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றுவதற்கு முந்தைய நாளே மூன்று முடிவுகள் எழுத்தில் இருக்க வேண்டும்: காலியாகும் கிடங்குகளை யார் கையில் வைத்திருப்பது, சில்லறை வியாபாரிகளுக்குச் சரக்கு எப்படி வந்துசேரும், சுமைதூக்குவோருக்குப் புதிய இடத்தில் வேலை உண்டா. கோவென்ட் கார்டனில் குடியிருந்தவர்கள் இடைவிடாமல் குரல் கொடுத்ததால்தான் சந்தைக்குப் பக்கத்திலேயே ஓடம்ஸ் வாக் என்ற பொதுவீட்டு வசதிக் குடியிருப்பு எழுந்தது. அந்த வீடுகள் இல்லாமற்போயிருந்தால் அங்கே இன்று கடையும் காட்சியும் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கேள்வி: ஐயா, லாங்கு பஜாருக்கு அருகில் என் தகப்பனார் காலத்திலிருந்து ஒரே வாடகைக் கடையில் பாத்திர வியாபாரம் செய்கிறோம். வீதி சீரானால் வாடகையை ஏற்றுவேன் என்று உரிமையாளர் இப்போதே சொல்கிறார். சட்டம் எங்களைக் காப்பாற்றாதா? – வாசகர், வேலூர்

பதில்: ஓரளவுக்குக் காப்பாற்றும், நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்ற ஏற்பாடு இருந்தது. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது எழுத்து வடிவ ஒப்பந்தமும் அதன் பதிவும் கட்டாயம். வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு ஏறும் என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. தகப்பனார் காலத்து வாய்ச்சொல்லையும், அப்போது ‘பகடி’ என்று கொடுத்த முன்பணத்தையும் நம்பியிருக்காமல், வீதி வேலை தொடங்குமுன் பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் ஒன்றை, ஏற்றத்தின் அளவைக் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடம் அரசுடையதாகவோ கோயில் அல்லது வக்பு சொத்தாகவோ இருந்தால் விதிகள் வேறு; ரசீது யார் பெயரில் வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

உங்கள் கவலை உலகப் பொதுவானது. இலண்டனின் உழைப்பாளர் தெருக்களுக்கு வசதியுள்ளோர் குடிவந்து, பழைய குடிகள் வெளியேறியதைக் கண்ட சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964-இல் அதற்கென்றே ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்ற சொல்லை உண்டாக்கினார். ‘மேட்டிமையாக்கம்’ என்று சிலர் தமிழாக்குகிறார்கள். ‘வாடகை துரத்தல்’ என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். நியூயார்க்கின் சோஹோவில் ஆலைகள் போய் வெறிச்சோடிக் கிடந்த மாடிகளில் ஓவியர்கள் குடியேறினார்கள். அவர்கள் அங்கே வசிப்பதை 1971-இல் நகரம் சட்டப்படி ஏற்றது. இருபது ஆண்டு கழித்து ஓவியக் கூடங்களாலேயே வாடகை கட்ட முடியாமல் அவை செல்சீ பகுதிக்கு நகர்ந்தன. இடத்துக்கு மதிப்பை உண்டாக்கியவர் ஒருவர், அதை அறுவடை செய்தவர் வேறொருவர்.

என் பெரியப்பா கோட்டைக்கு எதிர்ப்புறத் தெரு ஒன்றில் புத்தகம் பைண்டு செய்யும் கடை வைத்திருந்தார். பள்ளிப் பதிவேடுகளும் வக்கீல்களின் கட்டுகளும் அவரிடம் வரும். அவரது வாடகை நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது: சிவப்புக் காலிகோ முதுகு, உள்ளே ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நீல மையில் ஒரு கையெழுத்து. தெருவுக்கு நடைபாதையும் அலங்கார விளக்கும் போட்ட ஆண்டின் பக்கத்தில் தொகை அடித்துத் திருத்தப்பட்டு இரட்டிப்பாகியிருக்கிறது. அதற்குப்பின் ஏழு கையெழுத்துகள், பிறகு வெற்றுத்தாள்கள். இன்று அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள்.

தரைக்கடைக்காரர்கள் உங்கள் வாசலில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி சொல்லுங்கள். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கே உரியது. கணக்கெடுப்பு முடித்துச் சான்று தராமல் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. வீதியைச் சீரமைக்கும்போது முதலில் அகற்றப்படுகிறவர்கள் அவர்களே என்பதால் இது கையில் இருக்கட்டும்.

கேள்வி: சுவரெல்லாம் ஓவியம் வரைந்தால் ஊர் மாறிவிடுமா? – வாசகி, சத்துவாச்சாரி

பதில்: சுவர் மாறும். டெல்லியின் லோதி காலனியில் அது அழகாகவே நடந்தது. சென்னையில் 2020-இல் கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்டமான முகங்களை வரைந்தார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள்கூடப் படமெடுக்கப் போனார்கள். அங்கே குடியிருப்பவர்களின் மதிப்பு ஒரு பிடி உயர்ந்ததென்றால் அது சிறிய காரியம் அன்று. ஆனால் ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட அவர்கள் பழைய வேலைக்குப் போய்வரச் செலவிடும் நேரத்தில் ஒரு நிமிடத்தையும் அந்த ஓவியம் குறைக்கவில்லை. வண்ணத்தைக் குறை சொல்லாதீர்கள். அதன் மேல் அதிகம் சுமத்தவும் வேண்டாம்.

கேள்வி: ஸ்பெயினின் பில்பாவோ ஒரே அருங்காட்சியகத்தால் தலைநிமிர்ந்தது என்று படித்தேன். வேலூருக்கும் அப்படி ஒன்று கட்டினால் என்ன? – வாசகர், குடியாத்தம்

பதில்: பில்பாவோவில் 1997-இல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதற்கு இரண்டாண்டு முன்பே அங்கே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, ஆலைக் கழிவால் நாறிய ஆற்றைச் சுத்தப்படுத்தப் பல ஆண்டுகளாகப் பணம் கொட்டப்பட்டது என்பவை படுவதில்லை. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இரண்டு முயற்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். எஃகுத் தொழில் நொடித்தபின் 1986-இல் நகரமன்றமே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் நடத்தியது. வேலையில்லாத இளைஞர்கள் வந்து பழகினார்கள், பதிவு செய்தார்கள், அதைச் சுற்றிச் சிறு தொழில்கள் முளைத்தன. பின்னர், 1999-இல், எஃகு முரசுகள் போன்ற நான்கு கூடங்களோடு வெகுசன இசைக்கான தேசிய மையம் ஒன்றைப் பெரும் பொருட்செலவில் திறந்தார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று கணக்கிட்டார்கள். அதில் சிறு பகுதியே வந்தது. அடுத்த ஆண்டே மூடினார்கள். கட்டடம் பிறகு பல்கலைக்கழக மாணவர் சங்கத்துக்குப் போனது. கூடம் கட்டுவதற்கு முன், அதற்குள் தினமும் வேலை செய்யப்போகிறவர் யார் என்று கேட்க வேண்டும். நம் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறது. கடைசியாக எப்போது போனீர்கள்?

கேள்வி: அப்படியானால் வேலூரில் இப்போது கலைப்பேட்டை என்று சொல்லத்தக்க இடம் எதுவுமே இல்லையா? – மாணவி, காட்பாடி

பதில்: இருக்கிறது. யாரும் திட்டமிடாததால் நமக்குத் தெரியவில்லை.

காந்தி ரோட்டில் மருத்துவமனை வாயிலிலிருந்து பத்து நிமிடம் நடந்து பாருங்கள். பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்க எழுத்து. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகளோடு வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்காகச் சமையல் மேடையுடன் அறை வாடகைக்கு, கடுகெண்ணெய், மீன்குழம்புச் சாப்பாடு, வங்காளத்தில் பேரம் பேசும் நம் ஊர்ப் பையன். இலண்டனின் பிரிக் லேனில் வங்காளி உணவகங்கள் வரிசையாக இருப்பதைப் பண்பாட்டு வட்டாரம் என்று கொண்டாடுகிறார்கள். நாம் இதை நெரிசல் என்கிறோம். அங்கே முதல் தேவை ஓவியம் அன்று. உட்காரத் திண்ணை, கழிப்பறை, சக்கர நாற்காலி தடையின்றிப் போகும் நடைபாதை.

இன்னொன்று கோட்டை. ‘சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றி நம் பாட்டிமார் சொன்ன சொலவடையில் முதற்பகுதி 1981-இல் பொய்யாயிற்று. அதுவரை ஜலகண்டேஸ்வரர் கோயில் சிற்பம் பார்க்கிறவர்களுக்கான இடம்; பாதுகாக்கப்பட்ட சின்னம்; முன்னொரு காலத்தில் படைக்கலக் கிடங்கு. சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் அமர்த்திய நாள் முதல் பூக்காரர், தேங்காய்க் கடை, பிரதோஷக் கூட்டம் என்று கோட்டைக்குள் அன்றாடம் திரும்பியது. தொல்லியல் துறையின் விதிகளோடு அது எப்படிப் பொருந்தும் என்ற விவாதம் தனி. கட்டடம் தன் வேலையைத் திரும்பப் பெற்றால் சுற்றுப்புறம் தானே உயிர்பெறும் என்பதற்கு, டப்ளினைவிட நெருக்கமான சான்று நமக்கு அதுவே. 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே மதிலுக்குள் தேவாலயமும் மசூதியும் உள்ளன என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு கதையை மட்டும் சொல்லும் பலகை அங்கே பொருந்தாது.

கேள்வி: நாங்கள் மண் வேலை செய்கிறவர்கள். எங்களை நெடுஞ்சாலை ஓரம் கைவினைக் கிராமம் அமைத்துக் குடியேற்றினால் நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். போகலாமா? – வாசகர், சூளைமேடு, வேலூர்

பதில்: கிராமம் அமைப்பவர்களிடம் சூளை எங்கே வைப்பது, புகைக்கு அனுமதி யார் தருவது, பட்டா யார் பெயரில் என்று கேளுங்கள். மூன்றுக்கும் தாளில் பதில் வந்தால் யோசிக்கலாம். மண் எடுப்பதைப் பொறுத்தவரை, ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி தரும் வகையில் 2024-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. அதற்காக இடம் பெயரத் தேவையில்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் இன்றும் நிற்பதற்குக் காரணம், கலைஞர்கள் தாங்களே காசு சேர்த்து அந்த நிலத்தை வாங்கியிருந்தார்கள் என்பதுதான்.

மற்ற வாசகர்களுக்கு ஒன்று: சூளை என்ற பெயரைத் தாங்கிய மேடு நம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு முன்போ, கார்த்திகை அகலுக்காகச் சக்கரம் சுற்றும் நாள்களிலோ போய்ப் பாருங்கள். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள். காய்கிற மண்ணுக்கு நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குத்தான் வழி விட்டிருப்பார்கள்.